ஏழாவது குழாய்

வீல் என்று அலாரம் அலறியபோது பொன்செல்வி உச்சி முதல் பாதம் வரை நீலமாகிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு குழாய்களில் ஒன்று பிய்த்துக்கொண்டு துள்ளியது. அதிலிருந்து, சோதனை ஓட்டத்துக்காக விட்ட நீலச் சாயத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கூரையில், சுவரில், புத்தம்புது எஃகுத் தொட்டிகளில், அவள் முகத்தில்... பம்பை நிறுத்தும் பொத்தான் இடப்பக்கமா வலப்பக்கமா? அந்த இயந்திரத்தை வரைந்தவளே அவள்தான். ஆனாலும் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம். யாரோ அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு வால்வு கிர்ரென்று திரும்பியது. தண்ணீர் நின்றது. அலாரமும் ஓய்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

கையில் ஸ்பேனருடன் ஒருவன். முப்பது வயது இருக்கலாம். சட்டையெல்லாம் கிரீஸ். வாயை இறுக மூடியிருந்தான். ஆனால் கண்கள்... அவை அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? செருப்பக் கழட்டல, கோட்டு போடல. இது சுத்த அறைன்னு வெளிய எழுதிப் போட்டிருக்குல்லா?"

"மாடியில ஏசி மிஷின் பாக்க வந்தேன் மேடம். அலாரம் அடிச்சுது. கோட்டு மாட்டிட்டு நிதானமா வந்திருந்தேன்னா, நீங்க இந்நேரம் நீந்திக்கிட்டுல்லா இருப்பீங்க."

"ரொம்பப் பேச வேண்டாம். பேரு என்ன?"

"லிங்கராஜ். கம்ப்ளெய்ண்ட் எழுதப் போறீங்களா? எழுதுங்க. அதுக்கு முன்னால கண்ணாடியப் பாத்துட்டு எழுதுங்க."

பார்த்தாள். முடி நீலம். காது நீலம். பல்கூட நீலம். வெளியே ஜன்னலுக்கு அப்பால் தூத்துக்குடியின் ஜனவரி வெயில், உப்பளங்களின் மேல் வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தது. ரெண்டு சொட்டு மழைக்கு ஏங்குகிற ஊரில் தனக்கு மட்டும் இப்படி ஒரு மழையா...

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகுதான் சிரித்தாள்.

மாப்பிள்ளையூரணி தாண்டி, எட்டயபுரம் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்தது அந்தத் தடுப்பூசித் தொழிற்சாலை. பொன்செல்விதான் உற்பத்தி முறையை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைமை. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். சென்னையில் படிப்பு, ஹைதராபாத்தில் ஆறு வருட வேலை, முப்பத்தொரு வயது, மூக்குக்கு மேல் கோபம்.

அவள் வேலை என்னவென்று அம்மா ஆறுமுகத்தாய் ஒருநாள் கேட்டபோது இப்படிச் சொன்னாள்.

"இந்தக் காய்ச்சல் வந்தா இப்படிச் சண்டை போடுன்னு உடம்புக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புதோம்மா. எம்ஆர்என்ஏன்னு பேரு. ரொம்ப மெல்லிசு, சும்மாவே சிதைஞ்சு போயிரும். அதனால ஒரு பொட்டுக் கொழுப்புக்குள்ள வச்சுப் பொதிஞ்சு அனுப்பணும்."

"அவ்வளவுதானா? இதுக்கா எம்.டெக்கு?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொதிவதில்தான் எல்லாமே இருந்தது. சீட்டு கரைந்த நீர் ஒரு குழாயில் வரும். கொழுப்பு கரைந்த ஆல்கஹால் இன்னொரு குழாயில் வரும். தீப்பெட்டியை விடச் சிறிய ஓர் அறையில் இரண்டும் நேருக்கு நேர் மோதும். கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை... அதற்குள் ஒன்றை ஒன்று பொதிந்துகொள்ள வேண்டும். வேகமும் அளவும் சரியாக இருந்தால் கோடிக்கணக்கான பொட்டுகள் ஒரே அளவில் பிறக்கும். இம்மி பிசகினால் பெரிதும் சிறிதுமாகக் குழம்பிப் போகும். ஊசிக்கு ஆகாது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டருக்கு இது அழகாக நடந்தது. லட்சக்கணக்கான பேருக்குச் செய்யப் போனால் அடம்பிடித்தது. மோதும் அறையைப் பெரிதாக்கினால் மோதலின் வேகம் செத்துப்போகிறது. அதனால் பொன்செல்வி அறையைப் பெரிதாக்கவில்லை. ஒரே அளவில் பன்னிரண்டு சின்ன அறைகளை வரிசையாக வைத்தாள். ஒரே பம்பிலிருந்து பன்னிரண்டு கிளைகள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பன்னிரண்டுக்கும் ஒரே மாதிரி பங்கு போகவில்லை. ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு... பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய்கள் உதறின. அதில் ஒன்றுதான் அன்று அவளை நீலமாக்கியது.

மறுநாள் ஆலைத் தலைவர் அருமைநாயகம் அவனையே கூட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பையன் ஐ.டி.ஐ.தான். ஆனா பைப்பு வேலையில கை சுத்தம். காண்ட்ராக்ட்ல நம்ம லைனுக்குப் போட்டிருக்கேன்."

பொன்செல்வி தலையாட்டினாள். ஐ.டி.ஐ. என்ற சொல் அவள் காதில் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. அது பின்னால் எவ்வளவு வலிக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

லிங்கராஜ் பன்னிரண்டு குழாய்களையும் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூன்றாம் நாள் கேட்டான்.

"மேடம், தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு சொல்லவா? எங்கப்பா திரேஸ்புரத்துல சங்கு குளிக்கிற வள்ளங்களுக்குக் கம்ப்ரசர் ரிப்பேர் பாத்தாரு. ஒரு கம்ப்ரசர், நாலு குழாய். கடலுக்கடியில நாலு பேரு அதுலதான் மூச்சு விடணும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாலு குழாயும் ஒரே நீளமா இருக்கணும். ஒண்ணு குட்டையா இருந்தா காத்து பூரா அங்கன ஓடிரும். மத்த மூணு பேரும் தவிச்சுப் போவாங்க. பக்கத்துலயே நிக்கிற ஆளுக்கும் முழு நீளக் குழாய்தான். மிச்சத்தச் சுருட்டிப் போட்டுக்கிடணுமே தவிர வெட்டக் கூடாது. கடலுக்குப் போறதுக்கு முன்னால எல்லாக் குழாயையும் மணல்ல நீட்டிப் போட்டு, நுனியும் நுனியும் சேருதான்னு பாப்பாரு. ஒரு விரக்கடை கூடக் குறைய இருந்தாலும் வள்ளத்த எடுக்க விடமாட்டாரு."

பொன்செல்வி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்புறம், பம்பு துடிக்குதுல்லா... கம்ப்ரசரும் அப்படித்தான் துடிக்கும். நடுவுல ஒரு தொட்டி இருக்கும். துடிப்பெல்லாம் அதுக்குள்ள அடங்கிரும். ஆளுக்குப் போற காத்து அமைதியா போவும்."

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். தூரத்துக்குத் தக்கபடி பன்னிரண்டு குழாய்களும் பன்னிரண்டு நீளம். இடம் மிச்சம் பிடித்த சாமர்த்தியம் என்று அவளே மெச்சிக்கொண்ட வரைபடம்...

"நாளைக்கே மாத்திருவோம்" என்றாள். நன்றி சொல்லாமலே வரைபடத்தைச் சுருட்டினாள்.

அதற்குப் பின் மூன்று மாதம். சுத்த அறை முழுமையாக இயங்கத் தொடங்கிவிட்டது. உள்ளே போகிறவர்கள் தலைக்குல்லா, முகமூடி, கழுத்து முதல் கால் வரை வெள்ளை அங்கி என்று எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே தெரிவது கண் மட்டும்தான்.

அந்தக் கண்ணை வைத்தே அவனைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள் பொன்செல்வி. குழாய் சரியாக உட்கார்ந்தால் அவை சுருங்கும். அவள் யாரையாவது திட்டினால் அகலும். அவளையே பார்க்கும்போது... அவை சட்டென்று ஏதாவது ஒரு நட்டைத் தேடிக்கொண்டு போய்விடும்.

தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஸ்டெபிக்கு இதெல்லாம் தப்புமா? புன்னைக்காயல்காரி. வாய்க்கு வரி கட்டாதவள்.

"ஏளா செல்வி, முகத்தப் பாத்து மயங்குனவள பாத்திருக்கேன். புருவத்துக்குக் கீழ ரெண்டு அங்குலத்தப் பாத்து மயங்கினது உலகத்துலயே நீ ஒருத்திதாம்ளா."

"சும்மா இரு. பம்பு அழுத்தம் எவ்வளவுன்னு பாரு."

"பம்பு அழுத்தம் சரியாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் ஏறிக்கிடக்கு."

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், யாரும் கேட்காமலே மழை வந்தது. கோடை மழை. ஆலை கேட்டுக்கு எதிரே டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே பொன்செல்வி ஒதுங்கியபோது, அங்கே ஏற்கெனவே ஒருவன் கண்ணாடித் தம்ளருடன் நின்றான். முகமூடி இல்லாமல், குல்லா இல்லாமல்... அவளுக்கு ஒரு விநாடி யாரென்றே தெரியவில்லை.

"என்ன மேடம், அடையாளம் தெரியலையா? எனக்கும்தான் தெரியல. நீங்க நீலமா இல்லல்லா."

சிரித்தாள். தகரத்தில் மழை தடதடவென்று பேசியது. அவள் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் போல அவன் கை லேசாக அசைந்தது... பிறகு தம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மேடம்..."

"ம்..."

"இந்த வேலை முடிஞ்சதும் ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

"இப்பவே கேளுங்க."

"இல்ல. மொத பெரிய பேட்ச் நல்லபடியா முடியட்டும். அன்னைக்குக் கேக்குதேன்."

மழை விட்டது. மண் வாசனையோடு உப்பு வாசனையும் கலந்து வந்தது. அன்று பஸ்ஸில் போகும்போது, அவன் கேட்கப் போவதற்கு என்ன பதில் சொல்வதென்று அவள் பத்து விதமாக யோசித்துப் பார்த்தாள். பத்துமே 'சரி' என்றுதான் முடிந்தன.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது.

முதல் பெரிய பேட்ச்சைப் பார்க்க டில்லியிலிருந்து ஆய்வாளர்கள் வருவதாகத் திடீரென்று தகவல் வந்தது. பன்னிரண்டு அறைகளையும் தாங்கும் சட்டத்தை ஒரு தூணுக்காகக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பொன்செல்வி அவசர அவசரமாக வரைபடத்தை மாற்றினாள். கையெழுத்துப் போட்டாள். அனுப்பிவிட்டாள்.

லிங்கராஜ் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மேடம், கொழுப்பு லைன்ல ஏழாவது குழாய் மட்டும் நாப்பது சென்டிமீட்டர் குட்டையா இருக்கு. மத்ததோட சேராது. தூணச் சுத்தி ஒரு வளையம் போட்டுட்டா நீளம் சரியாயிரும்."

அவள் காதில் போன் இருந்தது. எதிரே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"வளையம் போட்டா கழுவுற தண்ணி அதுல தேங்கும். ஆய்வாளர் மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

"சரிவாச் சுத்துனா தேங்காது மேடம்."

"லிங்கராஜ், நான் படிச்சது இதத்தான். படத்துல உள்ளபடி போடுங்க."

அந்தக் கண்கள் ஒருமுறை அகன்றன. பிறகு தாழ்ந்தன.

"சரி மேடம்."

தண்ணீர் விட்டுச் சோதித்தபோது மொத்த அளவு சரியாகவே காட்டியது. தனித்தனியாக யாரும் அளக்கவில்லை. மறுநாள் காலை நிஜப் பேட்ச் ஓடியது. பகல் பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. பொட்டுகள் பெரிதும் சிறிதுமாக... தொட்டி முழுக்க. இரண்டு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து உறைபனியில் வரவழைத்த கொழுப்பு அத்தனையும் கழிவாகப் போனது.

"நாலு மணிக்குள்ள காரணம் தெரியணும். எழுத்துல" என்றார் அருமைநாயகம். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மருந்து ஆலையில் எழுத்துதான் எல்லாம். எழுதியது நடந்தது. எழுதாதது நடக்கவே இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் ஓர் அறிக்கை. அதில் மூல காரணம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஏறும் பெயர் ஊரிலுள்ள எல்லா ஆலைகளின் கேட்டிலும் போய் நிற்கும்.

பொன்செல்வி குழாய்களை அளந்தாள். ஏழாவது, நாற்பது சென்டிமீட்டர் குட்டை. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்டெபி பேனாவோடு காத்திருந்தாள்.

"என்னளா எழுதட்டும்?"

"ஏழாவது குழாய் குட்டையாப் பொருத்தியிருக்கு. அப்படி எழுது."

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. பாதிதான் இல்லை.

குட்டையாக வரைந்தது யார் என்று அருமைநாயகம் கேட்கவில்லை. "பொருத்துனது அந்தக் காண்ட்ராக்ட் பையன்லா?" என்று மட்டும் கேட்டார். பொன்செல்வி தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லலாம்... இந்த விநாடி சொல்லலாம்... அந்த விநாடி போய்விட்டது. அடுத்ததும் போனது.

பொருத்தியவர் கையெழுத்து என்ற இடத்தில் போட லிங்கராஜைக் கூப்பிட்டார்கள். அவன் அறிக்கையை முழுதாக வாசித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள்... அவற்றில் கோபம் இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். இல்லை. யாரோ ஒருத்தருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் கண்கள்.

கையெழுத்துப் போட்டான். கருவிகளை எடுத்துக்கொள்ள அரைமணி நேரம் கொடுத்தார்கள். பிறகு கேட்டில் அவனுடைய நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதலில் அவன் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. ஏன் வாயைத் திறக்கவில்லை? 'மேடம்தான் போடச் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆமாம் என்றிருப்பேனே... அப்படி என்ன வீறாப்பு? இப்படியே கொஞ்ச நாள் அந்தக் கோபத்தை ஊதி ஊதி அணையாமல் வைத்திருந்தாள். அது அணைந்தால் அடியில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

தூணைச் சுற்றி ஒரு வளையம் போட்டார்கள். சரிவாக. தண்ணீர் தேங்கவில்லை. அடுத்த பேட்ச் அழகாக வந்தது. அதற்கடுத்ததும். பன்னிரண்டு அறைகள் சேர்ந்து மூச்சுவிடும் அந்த ஏற்பாட்டைப் பற்றி ஹைதராபாத்தில் பேச அழைத்தார்கள். மேடையில் நின்று பேசினாள். "குழாய்கள் அனைத்தும் சம நீளமாக இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை" என்றாள். கை தட்டினார்கள். திரேஸ்புரத்து மணலைப் பற்றி அவள் சொல்லவில்லை. இறங்கி வந்து கழிவறையில் முகம் கழுவினாள், வெகுநேரம்.

பம்புகள் சுத்த அறைக்கு வெளியே ஒரு நடைக்கூடத்தில் இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் மூடியைத் திறந்து உள்ளே ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். அக்டோபர் கடைசியில் தவணை. ஆனால் பேட்ச் நெருக்கடி. உற்பத்தி நிற்கக் கூடாது. "ஒரு மாதம் தள்ளிவைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் பொன்செல்விதான்.

நவம்பர் கடைசியில், வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் மூடியைத் திறந்தார்கள். உட்புறம் ஒட்டுப்பட்டையால் ஒட்டிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள்.

அவளுடைய வரைபடம். பொருத்துகிறவர்கள் கையில் கொடுக்கும் நகல். ஏழாவது குழாயைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது.

'40 செ.மீ. குட்டை. மேடத்திடம் சொன்னேன். படத்தில் உள்ளபடி போடச் சொன்னார்கள்.' கீழே தேதி. நேரம்கூட.

பொன்செல்வி அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தாள் அன்று அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, அவளை நிமிர்ந்து பார்க்கும்போது... நீட்டியிருந்தால் போதும். ஆலையை விட்டுப் போயிருக்க வேண்டியது அவள்.

ஸ்டெபி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"அந்த அறிக்கையத் திறக்கணும்."

"ஏளா, மூடுன அறிக்கைளா அது. திறந்தா நீ உள்ள விழுவ. தெரியும்லா?"

"தெரியும். மூல காரணம்னு கட்டம் இருக்குல்லா... அதுல எம் பேர எழுது."

அன்று மாலையே அருமைநாயகம் அவளைக் குழுத் தலைமையிலிருந்து நீக்கினார். "இவ்வளவு நாளு கழிச்சு எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடலில் காற்று என்பதால் திரேஸ்புரத்தில் வள்ளங்கள் எல்லாம் கரையிலேயே கிடந்தன. கம்ப்ரசர் பட்டறை எதுவென்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. ஈர மணலில் நாலு நீளக் குழாய்கள் இணையாக நீண்டு கிடந்தன. ஒரு நுனியில் குனிந்து அவன்.

அவள் பேசாமல் மறு நுனிக்குப் போய் உட்கார்ந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து நுனிகளைச் சேர்த்துப் பிடித்தாள்.

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... ஏழு மாதத்தில் மெலிந்திருந்த முகத்தில் அவை மட்டும் அப்படியே இருந்தன.

"வாங்க மேடம்" என்றான், ஏதோ நேற்றுப் பார்த்தது போல. "மூணாவதக் கொஞ்சம் இழுங்க... ம், போதும்."

"சரியா இருக்கா?"

"நீங்க பிடிச்சா சரியாத்தான் இருக்கும்."

"குத்திக் காட்டுதீங்களா?"

"சே, இல்ல மேடம். சும்மா சொன்னேன்."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள். ஒன்று பென்சில் வட்டம் போட்ட வரைபடம். இன்னொன்று புது அறிக்கை. கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். மூல காரணம் என்ற கட்டத்தில் அவன் பார்வை வெகுநேரம் நின்றது.

"ஏன் மேடம் இப்படிப் பண்ணுனீங்க? வேலை என்னாச்சு?"

"இருக்கு. தலைமைதான் போச்சு. உங்க பேர எல்லா இடத்துலயும் எடுத்துட்டாங்க. திங்கட்கிழமையே நீங்க திரும்ப வரலாம். கேட்டு வரைக்கும் எழுதிக் கொடுத்துட்டேன்."

அவன் சிரித்தான். கண் சிரிக்காமல் அவன் சிரித்து அவள் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

"திங்கட்கிழமை நான் கொழும்புல இருப்பேன் மேடம். அங்கன கப்பல் ஏறணும். கன்டெய்னர் கப்பல்ல ஏசி மெக்கானிக் வேலை. ஒம்பது மாச ஒப்பந்தம். இங்கன எந்தக் கம்பெனியும் உள்ள விடலல்லா... மூணு வாரத்துக்கு முன்னாலதான் கையெழுத்துப் போட்டேன்."

மூன்று வாரம்...

தூரத்தில் துறைமுகத்தின் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. பொன்செல்வி மணலைப் பார்த்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது. நாலு குழாய்களின் மேலும் ஒரே அளவாகப் பெய்தது.

"இந்தத் தாள அன்னைக்கு ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா உங்க பேருல்லா அதுல ஏறியிருக்கும்."

"அப்ப கிழிச்சுப் போட்டிருக்கலாம்லா? எதுக்குக் கொண்டுபோய்ப் பம்பு மூடிக்குள்ள ஒட்டுனீங்க?"

அவன் ஒரு குழாயை எடுத்து மெதுவாகச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டியதையே மறுபடி பிரித்தான்.

"ஆறு மாசத்துல அந்த மூடியத் திறப்பீங்கன்னு தெரியும்" என்றான் கடைசியில். "அக்டோபர் இருபத்தேழு. திறக்கும்போது நீங்கதான் பக்கத்துல நிக்கணும். யாரும் சொல்லாம, யாரும் கேக்காம, நீங்களாப் பாக்கணும்னு நெனச்சேன். பாத்துட்டு வந்தீங்கன்னா... அன்னைக்கு டீக்கடையில கேக்காம விட்டத கேட்டுரலாம்னு இருந்தேன்."

தள்ளிவைக்கலாம் என்று எழுதிய தன் கையெழுத்து பொன்செல்வியின் கண் முன்னால் வந்தது. எவ்வளவு அழகான, நிதானமான கையெழுத்து...

"நான் தள்ளி வச்சுட்டேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பேட்ச் நிக்கக் கூடாதுன்னு... ஒரு மாசம் தள்ளி வச்சுட்டேன். நேத்துத்தான் திறந்தோம்."

அவன் கையிலிருந்த குழாய் மணலில் விழுந்தது.

மழை வலுத்தது. அவள் இமையில் தங்கியது மழையா, வேறொன்றா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கை நீண்டது. இந்தமுறை பாதியில் நிற்கவில்லை. அந்தத் துளியை ஒரு விரலால் மெல்ல எடுத்தான். ஏழு மாதமாக வெளிவராத சொல் அவன் உதட்டில் நடுங்கியது.

"இருபத்தேழாம் தேதியிலருந்து ஒரு வாரம் அந்த டீக்கடையிலயே நின்னேன் செல்வி... நீ பாத்துட்டும் வரலன்னுல்லா நெனச்சேன்."